நீரும் பயந்தவர்தானே

என் மாமாவைப் பயமுறுத்துவது எட்டு வயதிலிருந்து எனக்குத் தொழில். பெரிய சாமர்த்தியம் ஒன்றும் தேவையில்லை. கதவுக்குப் பின்னால் நின்று மூச்சுவிட்டாலே போதும், மனுஷன் பாதி செத்துவிடுவார். செருப்புக்குள் ரப்பர் பல்லி, கட்டிலுக்கடியில் என் கை, குளியலறைக் கண்ணாடியில் சோப்பால் வரைந்த மண்டையோடு என்று எல்லாமே பலித்தன. ஒவ்வொரு தடவையும் கத்துவார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார், பிறகு சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன் என்று இப்போது சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை.

அவர் அம்மாவின் தம்பி. நாற்பத்தொரு வயது. அப்பா போன பிறகு எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறார். நாய் குரைத்தால் தெரு மாறிப் போவார். குக்கர் விசிலடிக்கப் போகிறது என்று தெரிந்தால் வாசலுக்கு வந்துவிடுவார். ஒருமுறை கல்யாணப் பேச்சு வந்தது. பெண்வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். டம்ளர் இவர் கையில் தாளம் போட்டதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை காலையிலேயே குடிக்கிறவர் என்று முடிவு கட்டி அனுப்பிவிட்டார்கள். சோடா குடித்தாலே ஏப்பத்துக்குப் பயப்படுகிறவர் என் மாமா.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். மாமாவுக்கு வேலையே இருட்டுக்குள்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்தின் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போனவரை, கூட்டாளி வராத லிஃப்ட் கம்பெனிக்காரர் ஒருவர், "தம்பி, இந்த ஏணியைக் கொஞ்சம் பிடி" என்று கூப்பிட்டிருக்கிறார். முடியாது என்று சொல்லப் பயந்துகொண்டு பிடித்திருக்கிறார். பத்தொன்பது வருஷமாகப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்.

லிஃப்ட் ஏறி இறங்கும் உயரமான பொந்தை அவர் கிணறு என்பார். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், அந்தக் கிணற்றுக்குள், நின்றுபோன பெட்டியின் கூரைமேல் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்டார். கரண்ட் இல்லை. கூட வந்தவர், மாமா வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். மாமா கத்தினார், அழுதார், செத்துப்போன தன் அம்மாவைக் கூப்பிட்டார். தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னார். எதுவும் ஒட்டவில்லை. கடைசியில், கோயிலில் சின்ன வயதில் கேட்ட ஒன்று ஞாபகம் வந்ததாம். சிலுவைக்குப் பிடிபடுவதற்கு முந்தி ஆண்டவர் ஒரு தோட்டத்தில் குப்புற விழுந்து கிடந்தது. ரத்தம் மாதிரி வேர்த்தது. இது எனக்கு வராமல் போகக் கூடாதா என்று தகப்பனிடம் கெஞ்சியது. கூட இருந்த சிநேகிதர்கள் தூங்கிப்போனது.

இவரும் பயந்திருக்கிறார் என்று மாமாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. பயம் போகவில்லையாம். ஆனால் கூரைமேல் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்ததாம்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம். கிணற்றுக்குள் இறங்குவதற்கு முன் லிஃப்ட் கதவில் உள்ளங்கையை வைப்பார். உதடு அசையும். "நீரும் பயந்தவர்தானே. வாரும், போவோம்." பக்கத்து வீட்டுக்காரரைக் கடைக்குக் கூப்பிடுகிற குரல். பிறகு இறங்கிவிடுவார். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது இதைக் கேட்டிருக்கிறேன். வீட்டில் குளியலறைக் கதவில் கையை வைத்து அப்படியே நடித்தும் காட்டியிருக்கிறேன். அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாமா மட்டும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பார். எட்டு வருஷமாக அந்த ஒரு மணி நேரம்தான் அவர் கை நடுங்காமல் இருக்கும். நான் ஒன்பதாவதோடு எந்த வகுப்பும் வேண்டாம் என்று வந்தவள். ஆனாலும் அங்கே பிஸ்கட் தருவார்கள் என்பதால் ஜன்னலோரம் நிற்பேன். ஒருநாள் ஆண்டவர் முழுக் கடவுள், முழு மனுஷன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பொடியன் எழுந்தான்.

"பாதி பாதியா சார்?"

"இல்லப்பா. ரெண்டும் முழுசு."

"அப்ப ரெண்டு பேரா?"

"ஒருத்தர்தான்."

"கணக்கு இடிக்குதே சார்."

"எனக்கும் இடிக்குது," என்றார் மாமா. "ஆனா பாதின்னு சொன்னா அதவிட இடிக்குது."

வினை அன்றைக்குத்தான் பிறந்தது. அதே வகுப்பில் தோட்டத்துக் கதையையும் சொல்லியிருக்கிறார். பொடியன் வீட்டுக்குப் போய், ஆண்டவர் நம்ம சார் மாதிரியே பயந்தாராம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டான். அப்பா அதை மூப்பரிடம் கொண்டுபோனார்.

மூப்பர் என்றால் சபையின் பெரியவர்களில் பெரியவர். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். நான் அவருக்கு எல்லைக்கல் என்று பெயர் வைத்திருந்தேன். மனைவி போன வருஷம் இறந்துவிட்டார். பிள்ளைகள் தொலைவில். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் தனியாக இருந்தார். அந்தக் கட்டடத்து லிஃப்டும் மாமாவின் பொறுப்பில்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்கள் கூடத்தில் மாமாவை உட்காரவைத்தார்கள். உண்மையைச் சொன்னால், நிற்கவைத்தார்கள். மூப்பர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வரப்பில் நின்று அளப்பவர்போல நிதானமாகக் கேட்டார். ஆண்டவர் பயந்தார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னது உண்மையா? உண்மை என்றார் மாமா. துக்கப்பட்டார் என்று சொல்லலாம், பயந்தார் என்று எப்படிச் சொல்லலாம், கடவுளுக்கு ஏது பயம் என்றார் மூப்பர். தோட்டத்தில் நடந்தது நமக்காகக் காட்டியது, நாம் எப்படி ஜெபிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்க. உள்ளுக்குள் அவர் அசையவே இல்லை.

"அப்ப அது நடிப்பாங்க ஐயா?" என்று மாமா கேட்டார். கிண்டல் இல்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது.

போதகர் மின்விசிறியை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். மூப்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வருகிற ஞாயிறு சபைமுன் எழுந்து, நான் சொன்னது தவறு, ஆண்டவர் பயப்படவில்லை என்று மாமா சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் வகுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்வார். அவ்வளவுதான். ஏழு நாள் தவணை.

வீட்டுக்கு வந்து மாமா சாப்பிடவில்லை. அம்மா கெஞ்சினாள், திட்டினாள். பெரியவர்களை எதிர்த்து நமக்கென்ன ஆகப்போகிறது, ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டு உட்காரு தம்பி என்றாள்.

"சொல்லிடலாம்க்கா," என்றார் மாமா. "சொல்லிட்டு திங்கக்கிழமை எப்படிக் கிணத்துக்குள்ள இறங்குறது?"

அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அந்த வாரம் ரப்பர் பல்லியை எடுக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன். கதவில் கையை வைத்தார். உதடு அசையவில்லை. நெடுநேரம் அப்படியே நின்றார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, வயிறு சரியில்லை என்று மேலாளருக்குப் போன் செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். புதன்கிழமையும் அதேதான். இன்னொரு நாள் இப்படி ஆனால் நீ வேறு வேலை பார்த்துக்கொள் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை முன்னறையில் அவர் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் தவித்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். கை அவ்வளவு ஆடியது. பொத்தானை நானே போட்டுவிட்டேன். "தேங்க்ஸ் கழுதை," என்றார். என்னைச் செல்லமாகக் கூப்பிடுவது அப்படித்தான்.

எனக்கு வந்தது கோபம். பயமே கூடாது என்று சட்டம் போடுகிற எல்லைக்கல்லுக்கு ஒரு நிமிஷமாவது பயம் காட்டினால் என்ன என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை அந்தக் கட்டடத்து லிஃப்டுக்கு மாதப் பராமரிப்பு. மாமா பத்து மணிக்கே வந்துவிட்டாலும் பதினொரு மணிக்குத்தான் வேலையைத் தொடங்குவார். பத்தரைக்கு மூப்பர் நடக்கக் கிளம்புவார். பழைய லிஃப்ட் இறங்கும்போது உள்ளே யாராவது ஓங்கிக் குதித்தால், தறிகெட்டு விழுகிறது என்று நினைத்து அதன் இரும்புத் தாடைகள் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளும் என்று மாமா ஒருமுறை சொல்லியிருந்தார். எதற்காகச் சொன்னார்? நான் குதிக்கக் கூடாது என்பதற்காக.

இரண்டு நிமிஷம் நிற்கும். மாமா கீழேயே இருக்கிறார், எடுத்துவிடுவார். அதற்குள், ஐயாவுக்குப் பயமா என்று ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும். என் திட்டம் மொத்தமும் இவ்வளவுதான்.

ஏழாவது மாடியில் நான் காத்திருந்த லிஃப்டுக்குள் மூப்பர் கைத்தடியோடு ஏறினார். யாரு, நம்ம லிஃப்ட்காரர் அக்கா மகளா என்று கேட்டார். சாப்பிட்டியா என்றும் கேட்டார். அதோடு நான் விட்டிருக்கலாம். ஐந்தாவது மாடியைத் தாண்டியதும் குதித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இன்னொரு தடவை, உடம்பு முழுவதையும் போட்டுக் குதித்தேன்.

அடியிலிருந்து இரும்பு அலறியது. பெட்டி ஒரு பக்கமாக இடித்து நின்றது. விளக்கு போனது. மூலையில் குட்டி விளக்கு ஒன்று மஞ்சளாக முழித்தது. காற்றாடி ஓய்ந்தது.

நான் திரும்பினேன். கேட்க வைத்திருந்த கேள்வி மறந்துபோனது. மூப்பர் சுவரோரமாகச் சரிந்துகொண்டிருந்தார். கைத்தடி முதலில் விழுந்தது. பிறகு கண்ணாடி. அவர் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார். மூச்சு, ஓட்டைக் குழாயில் தண்ணீர் வருவதுபோல விட்டுவிட்டு வந்தது.

"ஐயா," என்றேன். "ஐயா, விளையாட்டுக்குத்தான்."

அவர் கேட்கவில்லை. அபாய மணியை அழுத்தினேன், கதவை அடித்தேன், மாமா, மாமா என்று கத்தினேன். எட்டு வருஷமாக நான் எவ்வளவு பயமுறுத்தியிருக்கிறேன், பயம் என்பது இதுதான் என்று ஒரு தடவைகூட எனக்குத் தெரிந்ததில்லை. ஒரு மனுஷனைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்த நினைப்பு இன்றைக்கும் குளிக்கும்போது, பல் தேய்க்கும்போது திடீரென்று வருகிறது.

மாமா படியேறி ஓடிவரும் சத்தம் கேட்டது. கரண்டை நிறுத்திவிட்டு, ஐந்தாவது மாடி வெளிக்கதவைத் தன் சாவியால் திறந்தார். எங்கள் பெட்டியின் தரை அந்த மாடித் தரைக்கு ஓர் ஆள் உயரம் கீழே தொங்கியது. பெட்டிக் கதவை விலக்கியதும் தலைக்குமேல் முழங்கை அகலத்துக்கு ஒரு சந்து. அதில் மாமாவின் முகம் படுத்தவாக்கில் தெரிந்தது.

"கூட யாரு?"

"மூப்பர்."

அவர் முகம் வெளுத்தது. மூச்சு விடுகிறாரா என்றார். விடுகிறார், ஆனால் ஒரு மாதிரி என்றேன். மேலே மெஷின் ரூமில் பிரேக்கைத் தளர்த்திக் கையால் சக்கரத்தைச் சுற்றினால் தாடை விட்டுவிடும், பெட்டி மேலே வரும், ஐந்து நிமிஷம், பொறுத்துக்கொள் என்றார். எழுந்துகொள்ளப் பார்த்தார்.

மூப்பர் கையை நீட்டினார். அந்தக் கை நிலத்தை அளந்த கைதான். இப்போது அதற்கு எட்டிப் பிடிக்க எதுவுமில்லை.

"போகாதே," என்றார். "யாராவது உள்ள வாங்க. யாராவது."

லிஃப்ட் வேலையில் முதல் விதி, மாட்டிக்கொண்ட பெட்டிக்குள் மெக்கானிக் இறங்கக் கூடாது. சக்கரத்தின் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். இறங்கினால் தூக்க ஆளில்லை. அதைவிடப் பெரிய பயம் அந்தச் சந்து. பிரேக் தளரும்போது பெட்டி முதலில் கீழே சறுக்கலாம், பாதி உடம்பு அதில் இருந்தால் கத்தரிக்கோல் நடுவே நூல்தான். இதையும் மாமாதான் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

மாமா அசையாமல் படுத்திருந்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன். பிறகு அவர் தலையைத் திருப்பிப் பின்னால் யாரிடமோ பேசினார். சத்தம் கேட்டு வந்த காவலாளியும், அந்த மாடியிலேயே கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரும். டாக்டர் கையுறையைக் கூடக் கழற்றாமல் வந்திருந்தார். உள்ளே ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருக்கிறாராம். நெஞ்சு என்றால் எனக்கு அவ்வளவு தெரியாது, ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டேன் என்றார். மாமா இருவரையும் மெஷின் ரூமுக்குப் போகச் சொன்னார். ஒருவர் சிவப்புப் பிடியை அழுத்த வேண்டும், ஒருவர் மேல்நோக்கி அம்புக்குறி போட்ட பக்கம் சக்கரத்தைச் சுற்ற வேண்டும்.

"நான் உள்ள இறங்கினதும் ஸ்பேனரால கதவுச் சட்டத்துல மூணு தட்டு தட்டுவேன். அதுவரைக்கும் பிடியத் தொடவே கூடாது. மூணு தட்டு."

காலடிகள் மேலே ஓடின. மாமா சந்தில் தனியாக இருந்தார். சட்டத்தில் உள்ளங்கையை வைத்தார். மேலே பார்த்தேன். அவர் உதடு ஆடியது, சத்தம் வரவில்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து வராத அந்தச் சத்தம். வந்தபோது குரல் உடைந்திருந்தது.

"நீரும் பயந்தவர்தானே. வாரும், போவோம்."

என் பக்கத்தில் மூப்பர் கண்ணைத் திறந்தார்.

முதலில் ஒரு கால் வந்தது. பிறகு இன்னொன்று. இடுப்புவரை உள்ளே, நெஞ்சு வெளியே. சட்டை எங்கோ மாட்டிக்கொண்டது. அவர் உதறினார். அப்போதுதான் நடந்தது. அவர் வலது கையில் ஸ்பேனர். கை நடுங்குகிறது, நடுங்கும் கையைச் சட்டத்தில் ஊன்றியிருக்கிறார்.

டங்.

நான் மேலே பார்த்தேன்.

டங்.

மாமாவின் உடம்பு கல்லானது. கை மட்டும் கல்லாகவில்லை. அது ஆடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தட்டுக்கு அரை விரல் தூரம். அவரால் அதை நிறுத்த முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. மேலே இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு மூன்றாவதற்காகக் காத்திருக்கிறார்கள். நான் மூப்பரின் கைத்தடியில் காலை வைத்தேனா, சுவரில் வைத்தேனா தெரியாது, எம்பி என் கையைச் சட்டத்துக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் திணித்தேன். இரும்பு என் விரல் நுனியில் இறங்கியது. சத்தம் வரவில்லை. விரல் நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

மாமா சரிந்து உள்ளே விழுந்தார். முட்டியில் அடி. அப்படியே தவழ்ந்துபோய் மூப்பரின் தலையைத் தன் மடியில் எடுத்துவைத்தார். சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். அவர் கை ஆடிய ஆட்டத்தில் பொத்தான் ஒன்று அறுந்துவந்தது.

மூப்பர் அந்தக் கையையே பார்த்தார். "உனக்குக் கை நடுங்குதே," என்றார்.

"ஆமாங்க ஐயா. எனக்கு ரொம்பப் பயம்."

"அப்புறம் ஏன் வந்த?"

"நீங்க கூப்பிட்டீங்க."

மூப்பர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப்பக்கமாக இறங்கியது. மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தார். "எனக்கு பயப்படாத ஒருத்தர் வேணும்ப்பா. அவ போனதுலேர்ந்து… தினமும் பயமா இருக்கு. பயந்தவர நம்பி நான் எப்படிச் சாகறது?"

எல்லைக்கல்லுக்கும் பயம் இருந்திருக்கிறது. நான் குதிக்காமலே இருந்திருக்கிறது.

"இப்பச் சாக வேணாங்க," என்றார் மாமா. "ஓர் ஆள் உயரந்தான் இருக்கு." பிறகு அவர் நெற்றி வேர்வையைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். "ஐயா, எனக்குப் படிப்பு பத்தாது. நான் மேல சக்கரத்துகிட்ட இருந்தா உங்க தலையப் பிடிக்க முடியாது. இங்க இருந்தா சக்கரத்தச் சுத்த முடியாது. என்னால ஒண்ணுதான் ஆகும். அவர் ரெண்டு இடத்துலயும் முழுசா இருந்தார்னுதான் நான் நம்புறேன். தூக்குறவரும் அவரே, உள்ள வந்து நடுங்குனவரும் அவரே. நடிச்சாருன்னா, அவர் உள்ள வரவே இல்லன்னு ஆயிடும். மேல நின்னு எட்டிப் பாத்தாருன்னு ஆயிடும்."

மூப்பர் மாமாவின் நடுங்கும் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாமா என்னைப் பார்த்தார். "கழுதை, ஸ்பேனர எடு. இப்பத் தட்டு. மூணு."

தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பெட்டி செத்த மிருகம் உயிர்பெற்றதுபோல முனகியது. தாடைகள் விட்டன. ஒரு உதறல், மூவரும் தரையோடு ஒட்டிக்கொண்டோம். மேலே போகிறோமா கீழே போகிறோமா என்று எனக்குத் தெரியவில்லை. மாமா சந்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்து அகலமாகிக்கொண்டே வந்தது. காவலாளி பிடியை விட்டுவிட்டு அழுத்தி, விட்டுவிட்டு அழுத்தி, எங்களை மாடித் தரைவரை அங்குலம் அங்குலமாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

ஆம்புலன்ஸ் வந்து மூப்பரை எடுத்துக்கொண்டு போனது. மாமா லிஃப்டின் அடிப்பக்கம் குனிந்து தாடைகளை டார்ச் அடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் விரலைப் பார்த்ததும் பல் டாக்டரிடம் பஞ்சு வாங்கிவந்து கட்டிவிட்டார். விதியை மீறி இறங்கியதற்கு மேலாளர் போனில் அரைமணி நேரம் கத்தினார். அதையும் கேட்டுக்கொண்டார். பிறகு கதவில் கையை வைத்து, உதடசைத்து, பராமரிப்பு வேலைக்காகக் கிணற்றின் அடிக்குழிக்குள் இறங்கினார்.

சனிக்கிழமை மதியம் போதகர் வந்தார். மூப்பர் பிழைத்துக்கொண்டார், ஆனால் இதயத்தில் அடைப்பு, திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. மாமாவைப் பார்க்க வேண்டும் என்றாராம். கூட அந்தப் பெண்ணும் வரட்டும் என்றாராம்.

ஆஸ்பத்திரிவரை மாமாவுக்கு இரண்டடி பின்னாலேயே நடந்தேன். கட்டிலில் மூப்பர் ஒயர்களுக்கு நடுவே பாதியாகக் கிடந்தார். மாமாவை உட்காரச் சொன்னார். என்னைப் பார்த்தார்.

"நீ ஏதாவது சொல்லணுமா பொண்ணே?"

"நான்தான் குதிச்சேன்," என்றேன். "ரெண்டு தடவ. உங்களப் பயமுறுத்தணும்னு." அதற்குமேல் வரவில்லை. மூக்குதான் வந்தது.

"ரெண்டு தடவைன்னு எனக்கும் தெரியும். நான் அங்கதானே நின்னேன்," என்றார் அவர். அடைப்பு உன்னால் வந்ததில்லை, வருஷக்கணக்காக இருந்ததாம், நீ குதித்து அதைக் காட்டிக்கொடுத்தாய் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். அதற்காக நீ செய்தது சரி என்று ஆகாது என்றும் சொன்னார். அளவு தப்பவில்லை.

பிறகு மாமாவிடம் திரும்பினார். ஞாயிறு எழுந்து நிற்க வேண்டாம், வகுப்பை எப்போதும்போல நடத்து என்றார்.

"நான் மாறிட்டேன்னு நினைக்காத. நாப்பது வருஷமா நம்பினத ஒரு வெள்ளிக்கிழமைல விடமுடியாது. யோசிக்கிறேன்." ஒயர்கள் ஏறி இறங்கின. "அந்தக் கதவுகிட்ட என்னமோ சொன்னியே. அத ஒரு தடவ சொல்லு."

மாமா சொன்னார். மூப்பர் சொல்லிப்பார்த்தார். முதல் பாதி வாயில் வரவில்லை. உதடுவரை வந்து நின்றது. "வாரும், போவோம்" என்பதை மட்டும் சொன்னார். மாமா திருத்தவில்லை.

திங்கட்கிழமை காலை அறுவை சிகிச்சைக்குக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனார்கள். லிஃப்டுவரை கூட வரும்படி மூப்பர் மாமாவைக் கேட்டிருந்தார். மாமா லிஃப்ட் கதவைத் தடவிப் பார்த்தார், மேலே பார்த்தார், வேறு கம்பெனி என்று முகத்தைச் சுளித்தார். உருளும் கட்டில் உள்ளே போனது. கூட ஒருவர் மட்டும் வரலாம் என்றாள் நர்ஸ். மூப்பர் நீட்டிய கையை மாமா பிடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் வெளியே நின்றேன்.

கதவு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. சாத்துவதற்கு முன் பார்த்தேன். பிடித்திருந்த கைகள் நடுங்கின, யாருடைய நடுக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூப்பரின் உதடு அசைந்தது. இந்தமுறை முதலிலிருந்து அசைந்தது.

கதவு மூடியது. மேலே சிவப்பு எண்கள் ஆறு, ஐந்து, நான்கு என்று குறைந்துகொண்டே போயின. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தரை அதிராமல், இரண்டு காலையும் ஒட்டவைத்து நின்றேன்.